‘எந்தப் பக்கத்தால் வந்தது?’: பரம்பரை நோய் என்று சொல்லப்பட்ட குடும்பம் அறிய வேண்டியவை

பிள்ளைக்கு இருப்பது பரம்பரை நோய் என்று வைத்தியர் சொன்னதும் பல தமிழ்க் குடும்பங்களில் முதலில் எழுவது மருந்தைப் பற்றிய கேள்வி அல்ல. “எந்தப் பக்கத்தால் வந்தது?” என்பதே அது. கிளினிக்கில் யாரும் வாய்விட்டுக் கேட்காமல் இருக்கலாம். ஊருக்குத் திரும்பும் இரவு பஸ்ஸிலோ, வெள்ளவத்தையில் தங்கியிருக்கும் உறவினர் வீட்டிலோ, தொலைபேசியில் மாமியாரிடம் செய்தி சொல்லும்போதோ அது வந்தே தீரும். சரியான பதிலை யாரும் கொடுக்காவிட்டால் குடும்பம் தானாகவே ஒரு பதிலைச் செய்துகொள்கிறது. அந்தப் பதில் பெரும்பாலும் பிள்ளையைப் பெற்றவளின் தலையில் போய் விழுகிறது.

‘பரம்பரை நோய்’ என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத குறைந்தது நான்கு நிலைமைகள் இருக்கின்றன. நான்கிலும் அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் வேறு. எது என்று சொல்லாமல் ‘பரம்பரை’ என்று மட்டும் சொல்லி அனுப்பப்பட்ட குடும்பத்துக்கு இன்னும் எதுவுமே விளக்கப்படவில்லை.

சொல்லிலேயே தொடங்கும் குழப்பம்

இலங்கையில் தமிழ் மொழிமூலம் சாதாரண தரம் வரை படித்தவர் ‘பரம்பரையலகு’, ‘நிறமூர்த்தம்’, ‘கலம்’ என்று படித்திருப்பார். இந்தியத் தொலைக்காட்சியும் இணையமும் அவற்றையே ‘மரபணு’, ‘குரோமோசோம்’, ‘செல்’ என்கின்றன. கையில் கிடைக்கும் ஆய்வுகூட அறிக்கையோ முழுக்க ஆங்கிலத்தில் இருக்கும். மூன்றும் ஒரே பொருளைத்தான் சொல்கின்றன என்பதே பலருக்குத் தெரியாது.

அதைவிடக் கவனிக்க வேண்டியவை மூன்று சொற்கள்.

1. விகாரம். மரபணுவில் ஏற்படும் மாற்றத்துக்குப் பாடநூல் தரும் சொல் இது. வழக்கில் இதன் பொருள் அவலட்சணம். “உங்கள் பிள்ளையிடம் ஒரு விகாரம் இருக்கிறது” என்று கேட்கும் தாயின் மனத்தில் என்ன நடக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ‘மாற்றம்’ என்ற எளிய சொல் போதும். அறிவியலுக்கு அதனால் ஒரு குறையும் வராது.

2. காவி. மாற்றமுள்ள மரபணு ஒன்றைத் தம்மிடம் வைத்திருந்தும் நோயில்லாமல் இருப்பவரை இப்படி அழைக்கிறோம். பலருக்குத் துறவியின் உடைதான் நினைவுக்கு வருகிறது. ‘குடத்தைக் காவிக்கொண்டு போனாள்’ என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, அந்தக் காவுதல்தான் இது. சுமந்து செல்பவர் என்று பொருள். குடத்தைக் காவுகிறவர் அதிலுள்ள தண்ணீரைக் குடித்தவர் ஆகமாட்டார். காவியும் நோயாளி அல்லர்.

3. பரம்பரை. பாட்டன், பூட்டன் காலம் தொட்டு வெளிப்படையாக வருவது என்று இந்தச் சொல் காதில் விழுகிறது. அதனால்தான் “எங்கள் குடும்பத்தில் யாருக்கும் இல்லையே” என்ற மறுப்பு உடனே வருகிறது. அந்த மறுப்பு பொய்யல்ல. ஆனால் அது எதையும் நிரூபிப்பதுமில்லை.

அடிப்படை: எல்லாம் இரண்டிரண்டு

உடலின் ஏறத்தாழ ஒவ்வொரு கலத்திலும் 46 நிறமூர்த்தங்கள் இருக்கின்றன. இந்த எண்ணிக்கை உறுதியானது 1956 இல்தான். அவை 23 சோடிகள். ஒவ்வொரு சோடியிலும் ஒன்று தாயிடமிருந்து வந்தது, மற்றது தந்தையிடமிருந்து வந்தது. நிறமூர்த்தங்களின் நீளத்தில் மரபணுக்கள் வரிசையாக அமைந்திருக்கின்றன. புரதம் ஒன்றை எப்படிச் செய்வது என்று கலத்துக்குக் கட்டளை தரும் மரபணுக்கள் நம்மிடம் ஏறத்தாழ 20,000 உள்ளன. நிறமூர்த்தங்கள் சோடியாக இருப்பதால் ஏறக்குறைய எல்லா மரபணுக்களும் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன.

இரண்டு பிரதிகள் என்பதன் பொருளைப் புரிந்துகொள்ள எல்லோருக்கும் தெரிந்த இரத்த வகையே போதும். தாயும் தந்தையும் ‘ஏ’ வகையாக இருக்க, பிள்ளைக்கு ‘ஓ’ வகை அமைவதுண்டு. ஒவ்வொருவரிடமும் ஒரு ‘ஏ’ பிரதியும் ஒரு ‘ஓ’ பிரதியும் இருந்திருக்கிறது. ‘ஏ’ மேலோங்கி நின்றதால் ‘ஓ’ வெளியே தெரியவில்லை. இருவருமே தம் ‘ஓ’ பிரதியைக் கொடுத்தபோது பிள்ளை ‘ஓ’ வகையாகப் பிறந்தது. இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை; எந்தப் பக்கத்திலும் குறையில்லை. பல பரம்பரை நோய்கள் வருவதும் இதே வழியில்தான். ‘ஓ’ வகைக்குப் பதிலாக அந்த இடத்தில் ஒரு நோய் நிற்கிறது.

நான்கு வகை, நான்கு பதில்கள்

1. இரண்டு பக்கத்தாலும் வந்தது. இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால் மட்டும் தோன்றும் நோய்கள் இவை. இரத்தத்தைப் பாதிக்கும் தலசீமியா இதற்கு உதாரணம். தாய், தந்தை இருவருமே காவிகள், இருவரும் சுகதேகிகள். பங்கு சரி பாதி.

2. ஒரு பக்கம் போதும். ஒரே ஒரு பிரதி மாறியிருந்தாலே நோய் வரும் வகை. மூளையின் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழியும் ஹண்டிங்டன் நோயும், உடலின் இணைப்புத் திசுக்கள் வலுவிழக்கும் மார்பன் நோயும் இப்படிப்பட்டவை. நோயுள்ள தாய் அல்லது தந்தைக்குப் பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும், ஆணோ பெண்ணோ, வாய்ப்பு இரண்டில் ஒன்று. ஹண்டிங்டன் போன்றவை பெரும்பாலும் நடுவயதில் தலைகாட்டும். அதற்குள் பிள்ளைகள் பிறந்துவிட்டிருப்பார்கள். போர்க்காலத்தில் இளவயதிலேயே இறந்தவர்கள் பலர் இருக்கும் நம் குடும்பங்களில் இது இன்னும் சிக்கலாகிறது. நோய் வெளிப்படும் வயதுக்கு முன்பே அவர் இல்லாமற்போயிருந்தால், வம்ச வரைபடத்தில் அவருக்குரிய இடத்தில் எதையும் உறுதியாக எழுத முடியாது.

3. தாய்வழி வந்திருக்கலாம். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் நிறமூர்த்தங்கள். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு வை. எக்ஸில் உள்ள மரபணு மாறினால் பெண்ணிடம் மற்றப் பிரதி கைகொடுக்கும். ஆணிடம் மாற்றுப் பிரதி இல்லை. இரத்தம் உறையாத ஹீமோபீலியாவும், சிறுவர்களின் தசைகள் படிப்படியாக வலுவிழக்கும் டுஷென் தசை நலிவும் இப்படித்தான் வருகின்றன. தாய்மீது பழி எளிதாக ஏறுவது இங்கேதான். அதனால் இதைச் சேர்த்தே சொல்ல வேண்டும்: இவ்விரு நோய்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, குடும்பத்தில் முன்பு இல்லாமல் புதிதாகத் தோன்றுபவை. தாயைச் சோதிக்காமல் அவர் காவி என்று எவரும் தீர்ப்பெழுதக் கூடாது. காவியாகவே இருந்தாலும் அந்த எக்ஸை அவர் தெரிந்து தேர்ந்தெடுக்கவில்லை.

4. எந்தப் பக்கத்தாலும் அல்ல. டவுன் நோய்க்குறியில் 21 ஆம் நிறமூர்த்தம் இரண்டுக்குப் பதில் மூன்றாக இருக்கிறது. 1959 இல் இது கண்டறியப்பட்டது. 100 இல் 95 அளவில் இது முட்டையோ விந்தோ உருவாகும்போது நிறமூர்த்தங்கள் சரியாகப் பிரியாததால் நேர்வது. தாயின் வயதோடு வாய்ப்பு கூடுகிறது: 35 வயதில் ஏறத்தாழ 350 இல் ஒன்று, 40 வயதில் ஏறத்தாழ 100 இல் ஒன்று. எனினும் இளம் தாய்மாரும் இத்தகைய பிள்ளைகளைப் பெறுகிறார்கள். எலும்பு வளர்ச்சி குன்றி உயரம் குறையும் அகொண்ட்ரோபிளேசியா உள்ளவர்களில் ஐந்தில் நால்வரின் பெற்றோர் சாதாரண உயரமுள்ளவர்கள். மாற்றம் பிள்ளையில்தான் முதன்முதலாகத் தோன்றியிருக்கிறது. நம் ஒவ்வொருவரிடமும் பெற்றோரிடம் இல்லாத புதிய சிறு மரபணு மாற்றங்கள் ஏறத்தாழ 60 அளவில் இருக்கின்றன. அநேகமாக எல்லாம் தீங்கற்றவை.

நான்காவது வகையில் நோய் மரபணு சார்ந்ததுதான், ஆனால் பரம்பரையாக வந்ததல்ல. தமிழில் இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் எத்தனையோ பெற்றோர் இல்லாத குற்றத்துக்காகத் தங்கள் முன்னோரைத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள். கிரகணத்தில் வெளியே போனதால், கர்ப்ப காலத்தில் எதையோ வெட்டியதால், முற்பிறவிப் பாவத்தால் என்று வீட்டில் சொல்லப்படும் காரணங்கள் எதற்கும் மேற்சொன்ன நான்கிலும் இடமில்லை.

தலசீமியா: இலங்கை அதிகம் அறிந்த உதாரணம்

செங்குருதிக் கலங்களுக்குள் ஒட்சிசனைச் சுமப்பது ஹீமோகுளோபின். அதன் பீட்டா பகுதியைச் செய்யும் மரபணு 11 ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. இரண்டு பிரதிகளும் பழுதானால் பீட்டா தலசீமியா. கடுமையான வகையில் பிள்ளை பிறக்கும்போது நலமாகவே இருக்கும். கருவிலிருந்த காலத்து ஹீமோகுளோபின் குறையக் குறைய, முதல் இரண்டு வயதுக்குள் வெளிறல், சோர்வு, பசியின்மை, வயிற்று வீக்கம் என்று வெளிப்படும். பிறகு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும், வாழ்நாள் முழுக்க.

இரத்தம் ஏற்றுவது உயிரைக் காக்கிறது. கூடவே இரும்பையும் கொண்டுவருகிறது. ஒரு பை இரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடலால் நாளொன்றுக்கு வெளியேற்ற முடிவதோ ஒன்று அல்லது இரண்டு மில்லிகிராம். மிஞ்சியது இதயத்திலும் ஈரலிலும் சுரப்பிகளிலும் படிகிறது. அதை அகற்ற, வாரத்தில் ஐந்து இரவுகளுக்குக் குறையாமல் தோலுக்கடியில் சிறு பம்பின் மூலம் மருந்தை மணிக்கணக்கில் செலுத்துவார்கள், அல்லது தினமும் மாத்திரை கொடுப்பார்கள். இரத்தம் ஏற்றினாலே போதும் என்று நினைத்து இந்த மருந்தைக் கைவிடுவதுதான் குடும்பங்கள் செய்யும் ஆபத்தான தவறு. அதற்குக் காரணம் அலட்சியம் அல்ல. இரும்புக் கணக்கை யாரும் அவர்களுக்குப் புரியும்படி சொல்லாததே காரணம். ஒழுங்காக மருந்தெடுத்து வளர்ந்தவர்கள் படித்து, வேலை பார்த்து, மணமுடித்து வாழ்கிறார்கள் என்பதையும் அதே நாளில் சொல்ல வேண்டும்.

இலங்கையில் 100 பேரில் இருவர் அல்லது மூவர் பீட்டா தலசீமியாக் காவிகள். எல்லா இனத்தவரிடமும் இது உண்டு. ஆனால் நாடெங்கும் ஒரே அளவாக இல்லை. குருநாகல், அனுராதபுரம் பகுதிகளில் நோயாளர்கள் அதிகம். தேசிய தலசீமியா மையம் குருநாகலில் அமைந்திருப்பதும் அதனால்தான். உலகில் மலேரியா நெடுங்காலம் குடிகொண்டிருந்த நாடுகளில் இந்த மரபணு மாற்றம் அதிகம். காவியாக இருப்பது மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பளித்தது. 1934, 1935 ஆம் ஆண்டுகளின் மலேரியாக் கொள்ளைநோயில் இந்தத் தீவில் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தார்கள். இப்படிப்பட்ட நோய்க்கு நடுவே தலைமுறை தலைமுறையாகப் பிழைத்தவர்கள் வழியாகத்தான் இந்த மாற்றம் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது. 2016 செப்டெம்பரில் இலங்கை மலேரியா அற்ற நாடென்று உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. மலேரியா போய்விட்டது, மரபணு நிற்கிறது. “இது எங்கள் பாவமா?” என்று கேட்கும் தாய்க்கு இதைவிட நேர்மையான பதில் இருப்பதாகத் தெரியவில்லை. முன்னோரை உயிரோடு வைத்திருந்த ஒன்றின் மிச்சம் இது.

காவியைக் கண்டறிவது கடினமல்ல. முழு இரத்தக் கணக்கில் செங்கலங்களின் சராசரிப் பருமன் (அறிக்கையில் MCV) 80 க்குக் குறைவாக இருந்தால், அல்லது கலமொன்றிலுள்ள சராசரி ஹீமோகுளோபின் (MCH) 27 க்குக் குறைவாக இருந்தால், சந்தேகம் எழ வேண்டும். ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் எச்.பி.எல்.சி. சோதனையில் ஏ2 வகை 3.5 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் காவி. இரும்புச் சத்துக் குறைபாட்டிலும் செங்கலங்கள் சிறுக்கும். அதனால் காவிகள் சிலர் பல ஆண்டுகளாகத் தேவையின்றி இரும்பு மாத்திரை விழுங்குகிறார்கள். மாத்திரை எடுத்தும் கலங்களின் பருமன் கூடவில்லை என்றால் இந்தச் சோதனையைக் கேட்டுச் செய்விக்க வேண்டும்.

‘நான்கில் ஒன்று’ என்றால் என்ன?

இரண்டு காவிகளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இந்த வாக்கியத்தைப் பல பெற்றோர் இப்படி விளங்கிக்கொள்கிறார்கள்: முதற் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்குப் பயமில்லை. இந்தத் தவறான நம்பிக்கையில் அடுத்த பிள்ளையைப் பெற்று, அதற்கும் நோய் வந்து நொறுங்கிய வீடுகள் உண்டு.

காசு சுண்டிப் பார்த்தால் விளங்கும். தாயிடம் ஒரு காசு, தந்தையிடம் ஒரு காசு. ‘தலை’ என்பது நல்ல பிரதி, ‘பூ’ என்பது மாறிய பிரதி. ஒவ்வொரு கர்ப்பத்திலும் இருவரும் புதிதாகச் சுண்டுகிறார்கள். இரண்டும் பூவாக விழுந்தால் நோய்: நான்கில் ஒன்று. ஒன்று தலை, ஒன்று பூ என்றால் பெற்றோரைப் போலக் காவி: நான்கில் இரண்டு. இரண்டும் தலை என்றால் நோயுமில்லை, காவியுமில்லை: நான்கில் ஒன்று. போன தடவை என்ன விழுந்தது என்பது காசுக்குத் தெரியாது. முதற் பிள்ளைக்கு நோய் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அடுத்த பிள்ளைக்கு அதே நான்கில் ஒன்று. இரண்டு பிள்ளைகள் பெற்றால் இருவருமே தப்பும் வாய்ப்பு 16 இல் 9. இருவருக்குமே வரும் வாய்ப்பு 16 இல் 1.

இன்னொரு கணக்கு நோயில்லாத அண்ணன், அக்காமாருக்கு உரியது. அவர்களுக்கு நோயில்லை என்பது தெரிந்துவிட்டது. ஆகவே ‘பூ-பூ’ என்ற சாத்தியத்தை நீக்கிவிட வேண்டும். மிஞ்சிய மூன்றில் இரண்டு காவி. தம்பிக்கு நோயுள்ள ஒரு பெண், தான் காவியாக இருக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு என்பதை அறியாமலே திருமண வயதை அடைகிறாள்.

எண்ணைச் சொல்லும் விதமும் முக்கியம். ‘25 சதவீத ஆபத்து’ என்பதும் ‘75 சதவீதம் நோய் வராது’ என்பதும் ஒரே உண்மை. ஒன்றை மட்டும் சொன்னால் கேட்பவரை ஒரு பக்கமாகத் தள்ளிவிடுகிறோம். இரண்டையும் சொல்லிவிட்டு நிறுத்துவதே விளக்குபவரின் கடமை. ‘மரபியல் ஆலோசனை’ என்ற பெயரை 1947 இல் ஷெல்டன் ரீட் என்ற அமெரிக்க மரபியலாளர் முன்வைத்தார். யார் பிள்ளை பெறலாம், யார் கூடாது என்று மேலிருந்து தீர்மானித்த அக்காலப் போக்கிலிருந்து விலகி, தகவலைக் கொடுத்து முடிவைக் குடும்பத்திடம் விடுவதே அதன் நோக்கம். கொழும்புப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தின் மனித மரபியல் பிரிவு 1983 முதல் இயங்கிவருகிறது. ஆலோசனைக்குப் போவதால் “இனிப் பிள்ளை பெறாதே” என்று சொல்லிவிடுவார்களோ என்று அஞ்சி ஒதுங்குபவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்.

சொந்தத்துக்குள் திருமணம்

மச்சான், மச்சாள் முறையில் மணப்பது நம் வழக்கம். அதைக் குற்றமாக்கிப் பேசும் வைத்தியரிடம் குடும்பம் மனம் திறக்காது. உண்மையான கணக்கு இது. உடன்பிறந்தோரின் பிள்ளைகள் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டிருப்பார்கள். பாட்டி காவியாக இருந்தால் அதே மாற்றம் இருவரிடமும் வந்து, அவர்களின் பிள்ளையிடம் ஒன்றுசேர வழியிருக்கிறது. எந்தத் தம்பதிக்கும் பாரிய பிறவிக் குறையுள்ள பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 100 இல் இரண்டு அல்லது மூன்று. மச்சான், மச்சாள் தம்பதிக்கு இது 100 இல் நான்கு முதல் ஆறு வரை. ஏறத்தாழ இரு மடங்கு என்பது உண்மை. 94 பிள்ளைகளுக்குக் குறையாமல் நலமாகப் பிறக்கும் என்பதும் உண்மை.

நம் உறவுமுறை மாமன் மகளை மணமுறையாகவும் பெரியப்பா மகளை அக்காவாகவும் பிரிக்கிறது. மரபணுக் கணக்கில் இருவரும் ஒரே தூரத்தில் நிற்கிறார்கள். ‘முறைப் பெண்’ என்பதால் ஆபத்து குறைவதில்லை. சொந்தத்தில் மணந்ததால்தான் நோய் வந்தது என்று எல்லாவற்றையும் அதன் தலையில் கட்டவும் முடியாது. டவுன் நோய்க்குறிக்கும் சொந்தத் திருமணத்துக்கும் தொடர்பு இல்லை.

சாதகத்துக்கு முன் ஒரு துளி இரத்தம்

செவ்வாய்க் குற்றம் உள்ள பெண்ணுக்கு அதே குற்றமுள்ள மாப்பிள்ளையைத் தேடுவது வழக்கம். தலசீமியாக் காவிக்கு இது தலைகீழ்: காவியும் காவியும் சேரும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும். காவி ஒருவர் காவி அல்லாத எவரையும் தயக்கமின்றி மணக்கலாம். அவர்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் காவியாகலாம், தலசீமியா நோய் வராது. ஆகவே இருவரில் ஒருவரைச் சோதித்து அவர் காவி இல்லை என்று தெரிந்தால் பெரும்பாலும் அதோடு முடிந்தது. அந்த ஒருவர் மாப்பிள்ளையாக இருக்கட்டும். சோதனை என்றதும் பெண்ணையே முதலில் அனுப்புவதும், அவள் காவி என்று தெரிந்தால் பேச்சையே முறிப்பதும் அறிவியலும் அல்ல, நியாயமும் அல்ல.

எப்போது என்பது முக்கியம். குறிப்பு மாற்றுவதற்கு முன், பதிவு எழுதுவதற்கு வெகு முன். நாள் குறித்து மண்டபத்துக்கு முற்பணமும் கட்டிய பிறகு கிடைக்கும் அறிக்கை, இரண்டு இளம் உள்ளங்களை நெருக்கடிக்குள் தள்ளுகிறது.

இலங்கையில் இதற்குத் தனி முக்கியத்துவம் தரும் சட்டக் காரணம் ஒன்றும் உண்டு. கர்ப்பமான பிறகு கருவைச் சோதிக்கும் முறைகள் இருக்கின்றன: 11 ஆம் வாரம் முதல் சூல்வித்தகத்திலிருந்து சிறு மாதிரி, 15 ஆம் வாரம் முதல் பனிக்குட நீர். ஆனால் 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காப்பாற்றும் நோக்கத்துக்காக அன்றி வேறெதற்கும் கருக்கலைப்பை அனுமதிக்கவில்லை. கருவுக்கு எவ்வளவு கடுமையான நோய் இருந்தாலும் இதுவே நிலை. வேறு பல நாடுகளில் கர்ப்பத்தின்போது எடுக்கப்படும் முடிவை இங்கே அதற்கு முன்பே எடுக்க வேண்டியிருக்கிறது. இணையத்தில் வெளிநாட்டுத் தகவலை வாசித்துவிட்டு “பிறகு சோதித்துப் பார்க்கலாம்” என்று இருப்பவர்களுக்கு இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

யாருடைய வாயால், எந்த மொழியில்

கொழும்பின் வைத்தியசாலைகளில் வைத்தியர் சிங்களத்தில் சொல்ல, நோயாளியின் 12 வயது அக்கா தமிழில் பெயர்க்கும் காட்சி அரிதல்ல. தம்பியின் நோய் ஆறாது என்பதை அந்தச் சிறுமி தன் தாயிடம் சொல்ல வேண்டியிருக்கிறது. சில சமயம் சொல்லாமல் விழுங்கிவிடுகிறாள். கணவர் பெயர்க்கும்போது ‘இருவரும் காவிகள்’ என்பது ‘உனக்கு ஏதோ இருக்கிறதாம்’ என்று மாறிவிடுவதும் உண்டு. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது திருத்தத்தின்படி தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. தமிழில் விளக்கம் கேட்பது உரிமை. தொந்தரவு கொடுப்பதாக எண்ணிக் கூச வேண்டியதில்லை. தமிழ் தெரிந்த தாதியோ வைத்தியரோ எந்த நாளில் இருப்பார் என்று கேட்டு அந்த நாளுக்கு வருவது நல்லது. பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக நிறுத்தக் கூடாது.

செய்தி முதன்முதல் சொல்லப்படும் நாளில் மனம் எதையும் பிடித்துவைக்காது. ‘ஆறாது’ என்ற சொல்லுக்குப் பிறகு சொல்லப்படுவது அநேகமாகக் காதில் விழுவதில்லை. இரண்டாவது சந்திப்பு கட்டாயம் தேவை. தாயும் தந்தையும் சேர்ந்தே வர வேண்டும். ஒருவர் மட்டும் கேட்டுவந்து மற்றவருக்குச் சொல்லும்போதுதான் பழி முளைக்கிறது. அன்று கேட்க வேண்டியவை:

1. நோயின் பெயர் என்ன? தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதித் தர முடியுமா?
2. மேற்சொன்ன நான்கு வகைகளில் இது எது?
3. எங்கள் இருவரையும் சோதிக்க வேண்டுமா?
4. அடுத்த பிள்ளைக்கு வாய்ப்பு எவ்வளவு?
5. எங்கள் சகோதரர்களில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

அறிக்கையைப் பற்றி ஒரு சொல். ஆய்வுகூடங்கள் மரபணு மாற்றங்களை ஐந்து படிகளாக வகுக்கின்றன: நோய் தருவது, நோய் தரக்கூடியது, பொருள் தெளியாதது, தீங்கற்றதாகத் தெரிவது, தீங்கற்றது. நடுவிலுள்ளது வந்தால் அதை நோய் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அதை வைத்துத் திருமணமோ கர்ப்பமோ பற்றி முடிவெடுக்கவும் கூடாது. சில ஆண்டுகள் கழித்து அதே மாற்றம் மறுபடி வகைப்படுத்தப்படலாம். பலவும் தீங்கற்ற பக்கத்துக்கே நகர்கின்றன.

ரொறன்ரோவில் இருக்கும் தங்கைக்கு

மரபணு அறிக்கை ஒருவருடைய பெயரில் வந்தாலும் அது குடும்பம் முழுவதையும் பற்றிப் பேசுகிறது. நம் குடும்பங்கள் கொட்டாஞ்சேனை, கிளிநொச்சி, லண்டன், ரொறன்ரோ என்று சிதறிக் கிடக்கின்றன. வைத்தியர் அவர்களைத் தேடிப் போக முடியாது. சொல்ல வேண்டியவர் பெற்றோர்தான். அவர்கள் தயங்குவதற்குக் காரணம் வெட்கம். தங்கள் வீட்டுப் பெண்பிள்ளைகளின் கல்யாணப் பேச்சு கெட்டுவிடுமோ என்ற பயம். ஆனால் காவியின் உடன்பிறந்தவர் ஒவ்வொருவரும் காவியாக இருக்கும் வாய்ப்பு இரண்டில் ஒன்று. மௌனத்தின் விலையை அடுத்த தலைமுறையின் ஒரு பிள்ளை கொடுக்க நேரலாம்.

வாயால் சொல்ல வரவில்லை என்றால் எழுதலாம். தலசீமியாவுக்கு இந்த அளவு போதும்:

“அன்புள்ள தங்கைக்கு, மகனுக்குப் பீட்டா தலசீமியா என்று உறுதியாகியிருக்கிறது. நானும் அத்தானும் இருவருமே இதன் காவிகள் என்று இரத்தச் சோதனையில் தெரிந்தது. எங்கள் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. நீயும் காவியாக இருக்க இரண்டில் ஒரு வாய்ப்பு உண்டு. உன் குடும்ப வைத்தியரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டி, முழு இரத்தக் கணக்கும் ஹீமோகுளோபின் பிரிப்புச் சோதனையும் செய்துகொள். நீ காவி என்றால் மட்டும் பிள்ளைகளையும், அவர்களுக்குக் கல்யாணம் பேசும் முன், சோதிக்க வேண்டும். எங்கள் அறிக்கையின் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன்.”

அந்தப் பிரதியை மறக்காமல் இணைக்க வேண்டும். பீட்டா மரபணுவில் தலசீமியா தரும் மாற்றங்கள் நூற்றுக்கணக்கில் உள்ளன. மரபணுச் சோதனை செய்யப்பட்டிருந்தால், குடும்பத்தில் இருப்பது எது என்று தெரிந்த ஆய்வுகூடம் அந்த ஒன்றை நேராகத் தேடிப் பார்க்கும்.